ஐந்து சென்டில் ஒரு பிக்கிள்பால் கோர்ட்: குமரி மாவட்டத்தில் புதிதாகத் திட்டமிடுகிறவர்களுக்கு

பிக்கிள்பால் என்பது ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தை மட்டையால் நெட்டுக்கு மேல் அடித்து ஆடுகிற விளையாட்டு. அதற்கு ஒரு கோர்ட் போட எவ்வளவு இடம் வேண்டும் என்று யாராவது கேட்டால், நான் சொல்லும் பதில் ஐந்து சென்ட். நம்ம ஊரில் நிலத்தை யாரும் சதுர அடியில் யோசிப்பதில்லை. அதனால் கணக்கை நமக்குப் பழகிய அளவிலேயே வைத்துக்கொள்வோம். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஐந்து சென்ட் 2178. தாராளமாக விளையாட ஒரு கோர்ட்டுக்குத் தேவையான இடம் 34 அடி அகலம், 64 அடி நீளம், அதாவது 2176 சதுர அடி. அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்துகிறது.

ஆனால் கோடு போடுகிற கோர்ட் மட்டும் 20 அடிக்கு 44 அடிதான். அது 880 சதுர அடி, இரண்டு சென்டுக்கு மேல் கொஞ்சம். அப்படியானால் மீதி மூன்று சென்ட் எதற்கு? இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாகச் சொல்ல வருவதே அந்த மூன்று சென்டைப் பற்றித்தான். கோட்டுக்கு உள்ளே இருப்பது பந்து விழுகிற இடம். ஆள் ஓடுகிற இடம் பெரும்பாலும் கோட்டுக்கு வெளியே இருக்கிறது. புதிதாகப் போடுகிறவர்கள் உள்ளே இருப்பதை அளந்துவிட்டு வெளியே இருப்பதை மறந்துவிடுகிறார்கள்.

நாங்களும் மறந்தோம். தக்கலை பக்கம் என் மச்சான் வீட்டின் பின்புறம் 26 அடிக்கு 52 அடியில் சிமெண்ட் போட்ட முற்றம் ஒன்று இருந்தது. கோர்ட் 20க்கு 44, முற்றம் அதைவிடப் பெரியது, தாராளம் என்று நினைத்து ஒரே நாளில் பெயிண்ட் அடித்துவிட்டோம். பின்கோட்டுக்குப் பின்னால் 4 அடி, பக்கத்தில் 3 அடி. அப்புறம் காம்பவுண்ட் சுவர். முதல் வாரத்திலேயே தலைக்கு மேல் போன பந்தைப் பிடிக்கப் பின்னோக்கி ஓடிய மருமகன் சுவரில் மோதி மணிக்கட்டு வீங்கிவிட்டது. அந்தக் கோர்ட்டை அதற்குப் பிறகு யாரும் பயன்படுத்தவில்லை. அதன்பின் போட்ட ஒவ்வொரு கோர்ட்டிலும் வெளியிடத்தை அளந்துவிட்டுத்தான் உள்ளே வந்தேன்.

முதலில் கோடுகள் எதற்கு என்று தெரியவேண்டும்

1965இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்கு அருகே பெயின்பிரிட்ஜ் தீவில், ஒரு வீட்டு வளாகத்தில் இருந்த பழைய பேட்மிண்டன் கோர்ட்டில்தான் இந்த விளையாட்டு பிறந்தது. ஜோயல் பிரிச்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் என்ற மூன்று பேர் சேர்ந்து உருவாக்கியது. அதனால்தான் இன்றைக்கும் கோர்ட்டின் வெளியளவு பேட்மிண்டன் இரட்டையர் கோர்ட்டின் அளவேதான். ஒற்றையருக்கும் இரட்டையருக்கும் ஒரே கோடு. டென்னிஸ் மாதிரி இரண்டு பக்கக் கோடுகள் கிடையாது.

நெட்டின் இருபுறமும் 7 அடிக்கு ஒரு கோடு வரும். நெட்டுக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே உள்ள இடத்தைக் கிச்சன் என்பார்கள். அங்கே நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக் கூடாது (அப்படி அடிப்பதற்கு வாலி என்று பெயர்). அந்தக் கோடும் கிச்சனைச் சேர்ந்ததுதான். வாலி அடிக்கும்போது கால் விரல் கோட்டில் பட்டாலே தப்பு. சர்வீஸ் பந்து கிச்சன் கோட்டில் விழுந்தாலும் தப்பு. மற்றக் கோடுகளில் விழுந்தால் சரி. ஆக, மற்ற எந்தக் கோடு ஒரு இஞ்ச் நகர்ந்தாலும் சமாளிக்கலாம். கிச்சன் கோடு நகர்ந்தால் தினமும் சண்டை வரும்.

கிச்சன் கோட்டிலிருந்து பின்கோடு வரை 15 அடி. அதை ஒரு நடுக்கோடு இரண்டாகப் பிரிக்கும். ஒவ்வொரு சர்வீஸ் கட்டமும் 10 அடிக்கு 15 அடி. நடுக்கோடு கிச்சனுக்குள் நுழையாது. எல்லாக் கோடும் 2 இஞ்ச் அகலம், ஒரே நிறம். இவ்வளவுதான் வரைபடம்.

இடம் பார்ப்பது

இதில் அவசரப்படவே கூடாது. தரையையும் கோட்டையும் பின்னால் மாற்றலாம். திசையை மாற்ற முடியாது.

கோர்ட்டின் நீளம் வடக்கு தெற்காக இருக்கட்டும். காலை ஆறரைக்கும் மாலை ஐந்துக்கும்தான் பெரும்பாலும் விளையாடப் போகிறோம். அந்த நேரத்தில் கிழக்கு மேற்காக நின்றால் ஒரு பக்கத்துக்காரர் சூரியனைப் பார்த்துக்கொண்டே ஆடவேண்டும். மேலே எழும்பிய மஞ்சள் பந்து கண்ணுக்கே தெரியாது. குமரி மாவட்டம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில், சுமார் 8 பாகையில் இருப்பதால் நமக்கு ஒரு வசதி. ஜூனிலும் டிசம்பரிலும்கூடச் சூரியன் உதிக்கும் இடம் நேர்கிழக்கிலிருந்து ஏறக்குறைய 24 பாகைதான் விலகும். ஆகவே வடக்கு தெற்குக் கோர்ட்டில் வருடம் முழுக்க வெயில் பக்கவாட்டில்தான் விழும். மனையின் அமைப்பு காரணமாக 15 பாகை திரும்பிவிட்டால் கவலை வேண்டாம். போன் திசைகாட்டியே போதும், ஆனால் இரும்பு கேட்டுக்கோ கம்பிக்கோ பக்கத்தில் நின்று பார்க்காதீர்கள்.

மனை கிழக்கு மேற்காகத்தான் நீளமாக இருக்கிறது என்றால்? மேற்கே மரமோ மாடிவீடோ இருந்து நாலரை மணிக்கே நிழல் விழுகிறதா என்று பாருங்கள். விழுந்தால் மாலையில் மட்டும் ஆடுவதற்குப் போடலாம். நிழலும் இல்லையென்றால் நான் வேறு இடம் தேடச் சொல்வேன்.

அடுத்தது காற்று. இந்தப் பந்து பிளாஸ்டிக்கில் செய்த, ஓட்டை போட்ட பந்து. எடை அதிகபட்சம் 26 கிராம் சொச்சம், ஒரு கோழிமுட்டையில் பாதி. வெளியில் ஆடுகிற பந்தில் சிறிய ஓட்டைகளாக 40 வரை இருக்கும். உள்ளரங்கப் பந்தில் பெரிய ஓட்டைகள், பொதுவாக 26. எந்தப் பந்தாக இருந்தாலும் ஆரல்வாய்மொழிக் காற்றை எதிர்த்து நிற்காது. முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமான அதே மேற்குக் காற்று, ஜூன் முதல் செப்டம்பர் வரை தோவாளை வட்டாரத்தில் எந்தக் கோர்ட்டையும் சோதித்துவிடும். உங்கள் இடத்தில் காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது என்று தெரியவில்லையா? பக்கத்து வாழைத் தோட்டத்துக்குப் போய், எந்தப் பக்கம் முட்டுக் கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். முட்டு நிற்கிற பக்கமாகத்தான் காற்று வாழையைத் தள்ளும்.

வெயிலுக்கும் காற்றுக்கும் நடுவே ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தால் வெயிலைத்தான் கவனியுங்கள். காற்றுக்கு மறைப்புக் கட்டலாம். வேலியின் கீழ்ப்பகுதியில் 6 அடி உயரத்துக்குப் பச்சை வலைத்துணி கட்டினாலே பெரிய வித்தியாசம் தெரியும். ஆனால் துணி கட்டிய வேலி பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். வெறும் கம்பிவலைக்குப் போட்ட தூண் அதைத் தாங்காது. மறைப்பு கட்டும் எண்ணம் இருந்தால் தூணை நடும்போதே அதைக் கொத்தனாரிடம் சொல்லிவிட வேண்டும்.

தென்னை இல்லாத மனை நம்ம மாவட்டத்தில் அபூர்வம். தென்னைக்கு நார்வேர் என்பதால் தரையை வெடிக்க வைத்துவிடுமோ என்ற பயம் அவ்வளவாக வேண்டாம். மேலேயிருந்து விழுகிற நெற்றும் ஓலையும்தான் ஆபத்து. விளையாடும் இடத்தின் ஓரத்திலிருந்து இருபது அடிக்குள் காய்க்கிற தென்னை இருந்தால், ஒன்று கோர்ட்டை நகர்த்துங்கள், அல்லது ஒழுங்காகத் தேங்காய் வெட்டு நடக்கும் என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். குலசேகரம், திருவட்டாறு பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டிப் போடுகிறவர்களுக்கு வேறு தொல்லை. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இலை கொட்டும். மழைக்காலத்தில் நிழலில் தரை காயாது, பாசி பிடிக்கும். பாசி பிடித்த சிமெண்ட் தரையில் ஓடுவதைவிட ஓடாமல் இருப்பது நல்லது. காலை வெயில் இரண்டு மணி நேரமாவது தரையில் விழவேண்டும்.

மண்ணைப் பற்றி ஒரு சொல். கல்குளம், விளவங்கோடு பக்கம் சரிவான செம்மண் நிலத்தை ஒரு பக்கம் வெட்டி, அந்த மண்ணையே மறுபக்கம் நிரப்பிச் சமன் செய்வது வழக்கம். வெட்டிய பாதி இறுகியிருக்கும், நிரப்பிய பாதி உட்காரும். இரண்டும் சேருகிற கோட்டில்தான் பின்னால் வெடிப்பு வரும். நிரப்பிய மண்ணை அரை அடி அரை அடியாகப் போட்டு, தண்ணீர் விட்டு, இடித்து இறுக்க வேண்டும். முடிந்தால் ஒரு மழைக்காலம் காத்திருங்கள். நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று வருடத்தில் இரண்டு மழை கிடைக்கிறதே, அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நாஞ்சில் நாட்டு வயலை நிரப்பிக் கோர்ட் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். நான் வேண்டாம் என்றே சொல்வேன். சேற்றுமண் வருடக்கணக்கில் உட்காரும் என்பது ஒரு காரணம். வயல் வயலாக இருக்கட்டும் என்பது இன்னொன்று. நமக்கு மிச்சம் இருப்பதே கொஞ்சம்.

கடைசியாக, பக்கத்து வீடு. பேடிலில், அதாவது மட்டையில், பந்து படும் சத்தம் டொக் டொக் என்று கூர்மையாகக் கேட்கும். வீடுகள் நெருங்கி நெருங்கி இருக்கிற மாவட்டம் நம்முடையது. பக்கத்து வீட்டின் படுக்கையறை எந்தப் பக்கம், படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்களா, வயதானவர் படுத்திருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள். வேலை ஆரம்பிப்பதற்கு முன்பே அவர்களிடம் போய் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போட்ட பிறகு போனால் அது சமாதானப் பேச்சாகிவிடும்.

ஏற்கனவே இருக்கிற களத்தைப் பாருங்கள்

எல்லோரும் புதிதாக ஐந்து சென்ட் வாங்க வேண்டியதில்லை. நம்ம ஊர்களில் வாலிபால் கோர்ட் இல்லாத இடம் குறைவு. வாலிபால் கோர்ட் 18 மீட்டருக்கு 9 மீட்டர், அதாவது 59 அடிக்கு 29 அரை அடி. பிக்கிள்பாலுக்குக் குறைந்தபட்சம் வேண்டிய மொத்த இடம் 60க்கு 30. கிட்டத்தட்ட ஒன்றேதான். வாலிபால் நடுக்கோட்டையே நெட் கோடாக வைத்து உள்ளே 20க்கு 44 வரைந்தால், பின்னால் ஏழரை அடியும் பக்கத்தில் நாலே முக்கால் அடியும் கிடைக்கும். வாலிபால் கோட்டுக்கு வெளியே இருக்கிற காலியிடம் இன்னும் கூடுதல் லாபம். வாலிபால் தூண்களைப் பயன்படுத்த முடியாது, அவை தள்ளி நிற்கும். காலோடு வருகிற மடக்கு நெட் ஒன்று வாங்கிக்கொள்ள வேண்டும். தரை மண்ணாக இருந்தால் இந்தப் பந்து எழும்பாது என்பதையும் நினைவில் வையுங்கள். சிமெண்ட் தரை வாலிபால் கோர்ட்டுக்குத்தான் இந்த யோசனை.

பேட்மிண்டன் கோர்ட் இருந்தால் வேலை இன்னும் எளிது. வெளிக்கோடு அப்படியே பொருந்தும், நடுக்கோடும் பொருந்தும். ஒரே ஒரு வித்தியாசம்: பேட்மிண்டன் முன் சர்வீஸ் கோடு நெட்டிலிருந்து 6 அடி 6 இஞ்ச், நமக்கு வேண்டியது 7 அடி. அந்த அரை அடி வித்தியாசத்துக்கு வேறு நிறத்தில் டேப் ஒட்டுங்கள். ஒரே நிறத்தில் ஒட்டினால் ஆட்டத்தின் வேகத்தில் எந்தக் கோடு என்று கால் குழம்பும். உள்ளரங்க மர தரையிலோ விரிப்பிலோ டேப் ஒட்டுவதற்கு முன் பொறுப்பாளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்; மட்டமான டேப் பசை விட்டுப் போகும்.

பூதப்பாண்டி, தோவாளை பக்கம் பயன்பாடு குறைந்துபோன சிமெண்ட் நெற்களங்கள் இருக்கின்றன. அறுவடை நேரம் தவிர மற்ற நாட்களில் சும்மா கிடப்பவை. நெல் காயவைக்கிறவர்களுக்கு இடைஞ்சல் இல்லாமல், பெயிண்ட் அடிக்காமல், சாக்பீஸ் கோட்டில் ஆடுவதற்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

தாளில் வரைவது

கட்டம் போட்ட தாளில் ஒரு கட்டம் ஒரு அடி என்று வைத்து உங்கள் மனையை உள்ளபடி வரையுங்கள். கிணறு, செப்டிக் டேங்க், மரம், மின்கம்பி, கேட் எல்லாம் அதில் வரட்டும். பிறகு அதே அளவில் 34க்கு 64 அட்டை ஒன்று வெட்டி, அதன் நடுவில் 20க்கு 44 வரைந்து, மனைப் படத்தின் மேல் நகர்த்திப் பாருங்கள். சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருக்கும். ஆனால் இந்த அட்டை எங்களுக்கு ஒரு தடவை கிணற்றுச் சுவரிலிருந்து கோர்ட்டைக் காப்பாற்றியது.

அட்டை சரியாக உட்காரவில்லை என்றால் 30க்கு 60 அட்டை வெட்டுங்கள். அது நாலு சென்டுக்குச் சற்று மேல். அதற்கும் இடமில்லை என்றால் நெட் போட்டுப் பயிற்சி செய்யுங்கள். முழு கோர்ட் போடாதீர்கள். இடம் குறையும்போது எதை விட்டுக்கொடுப்பது என்றும் கேட்பார்கள். பக்கத்தில் விட்டுக்கொடுங்கள், பின்னால் விட்டுக்கொடுக்காதீர்கள். பின்கோட்டுக்குப் பின்னால் 8 அடிக்குக் குறைந்தால், ஆழமாக வரும் சர்வீஸை எடுப்பதே கஷ்டம்.

இரண்டு கோர்ட் போடுகிறவர்கள் பக்கம் பக்கமாகப் போடுங்கள். இருபுறமும் 7 அடி, நடுவில் 10 அடி என்று வைத்தால் 64 அடிக்கு 64 அடி சதுரம் வரும், ஒன்பதரை சென்டுக்குள் அடங்கும். முன்னும் பின்னுமாகப் போட்டால் ஒரு கோர்ட்டின் பந்து அடுத்த கோர்ட்காரர் காலடியில்தான் போய் நிற்கும். வேறு வழியே இல்லை என்றால் நடுவில் வேலி கட்டாயம்.

கேட் எங்கே வைப்பது என்பதையும் தாளிலேயே முடிவு செய்யுங்கள். மூலையில், பின்கோட்டுக்குப் பின்னால், வெளிப்பக்கம் திறக்கும்படி. பக்கக் கோட்டின் நடுவில் வைத்தால் யார் உள்ளே வந்தாலும் ஆட்டம் நிற்கும். விளக்குக் கம்பங்கள் பக்கவாட்டில், விளையாடும் இடத்துக்கு வெளியே, 20 அடி உயரத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். பின்கோட்டுக்குப் பின்னால் விளக்கு வைத்தால் சூரியனைத் தவிர்த்துவிட்டு அதே கூச்சத்தை ராத்திரிக்குக் கொண்டுவந்த கதைதான். வயலோரத்தில் மழைக்காலத்து ஈசல் விளக்கைத் தேடி வரும் என்பதால், அந்தப் பகுதிக்காரர்கள் விளக்கைக் கோர்ட்டிலிருந்து இன்னும் சற்றுத் தள்ளி வைப்பது நல்லது.

கயிறும் டேப்பும்

இனி தரையில் இறங்கலாம். 100 அடி டேப் இரண்டு, நைலான் நூல், நாலைந்து முளைக்குச்சி அல்லது ஆணி, சாக்பீஸ், மூன்று ஆள். நம்ம ஊர் தென்னங்கயிறு வேறு எல்லாவற்றுக்கும் நல்லது, அளவெடுக்க மட்டும் ஆகாது, இழுத்தால் நீளும்.

ஒரு கொத்தனார் என்னிடம் கேட்ட கேள்வி: “அண்ணாச்சி, கோட்டுக்கு உள்ளே இருந்து அளக்கணுமா, வெளியே இருந்தா?” இந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள். பதில்: வெளியே இருந்து. 20 அடி, 44 அடி எல்லாம் கோட்டின் வெளி விளிம்பு வரை. 2 இஞ்ச் பெயிண்ட் அந்த அளவுக்கு உள்ளே அடங்கும்.

நெட் கோட்டிலிருந்து தொடங்குங்கள். பலரும் பின்கோட்டின் மூலையிலிருந்து தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் பிழை முழுக்க மறுமுனையில் போய்ச் சேரும். மனையின் நடுவில், கோர்ட் திசைக்குக் குறுக்காக ஒரு நூல் கட்டுங்கள். அதுதான் நெட் கோடு. அதில் சரியாக 20 அடி இடைவெளியில் இரண்டு ஆணி. இடது ஆணியில் ஒரு டேப்பின் தலையை மாட்டி 22 அடி இழுங்கள். வலது ஆணியில் மற்ற டேப்பை மாட்டி 29 அடி 8¾ இஞ்ச் இழுங்கள். இரண்டும் சந்திக்கும் புள்ளிதான் பின்கோட்டின் இடது மூலை. டேப்புகளை மாற்றிப் பிடித்தால் வலது மூலை. மறுபாதிக்கும் இதே மாதிரி. மூலைமட்டம் வைக்கவேண்டிய தேவையே இல்லை. மூலைவிட்டம் சரியாக இருந்தால் மூலை தானாக நேராகிவிடும்.

மீட்டர் டேப்தான் இருக்கிறதென்றால்: நெட் கோடு 6.10, பக்கம் 6.705, மூலைவிட்டம் 9.06 மீட்டர்.

நான்கு மூலையும் கிடைத்ததும் சரிபார்க்கவேண்டியது மூன்று. பின்கோடுகள் இரண்டும் 20 அடி இருக்கிறதா, பக்கங்கள் இரண்டும் 44 அடி இருக்கிறதா, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் 48 அடி 4 இஞ்ச் வருகிறதா. மூலைவிட்டங்கள் இரண்டும் கால் இஞ்சுக்கு மேல் வித்தியாசப்பட்டால் திரும்ப அளங்கள். டேப் தொய்ந்திருக்கும், அல்லது காற்றில் வளைந்திருக்கும். காலையில் காற்று எழும்புவதற்கு முன் இந்த வேலையை முடிப்பது நல்லது.

பிறகு கிச்சன் கோடு. நெட் கோட்டின் மையத்திலிருந்து இருபுறமும் 7 அடி, அந்த அளவு கோட்டின் வெளி விளிம்பு வரை. அதாவது பெயிண்ட் 6 அடி 10 இஞ்சில் தொடங்கி 7 அடியில் முடியும். நடுக்கோட்டுக்கு மட்டும் விதி வேறு: 10 அடி என்பது கோட்டின் மையம். இருபுறமும் ஒரு இஞ்ச்.

பெயிண்ட் வேண்டாம், முதலில் ஆடுங்கள்

சாக்பீஸ் கோட்டில் இரண்டு வாரம் ஆடுங்கள். இதை நான் யாரிடமும் கெஞ்சிக்கூடச் சொல்வேன். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, காற்று அடிக்கிற நாளில் ஒரு தடவை. முடிந்தால் ஒரு மழைக்குப் பிறகு வந்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பாருங்கள். பந்து எந்தப் பக்கம் அடிக்கடி வெளியே போகிறது, யார் எதில் போய் இடிக்கிறார்கள், பார்க்க வருகிறவர்கள் எங்கே உட்காருகிறார்கள் எல்லாம் இந்த இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும். இரண்டு அடி நகர்த்த வேண்டுமென்றால் ஈரத்துணியே போதும். கான்கிரீட் போட்டபின் நகர்த்த ஜேசிபி வேண்டும்.

தரை

புதிதாகத் தரை போடுகிறவர்கள் வாட்டத்தை, அதாவது தண்ணீர் வடியும் சரிவை, முதலில் தீர்மானியுங்கள். 10 அடிக்கு ஒரு இஞ்ச். 34 அடி அகலத்துக்கு மூன்றரை இஞ்ச் வரும். ஒரு பக்கக் கோட்டிலிருந்து மறு பக்கக் கோட்டுக்கு, ஒரே தளமாகச் சரியட்டும். நெட்டிலிருந்து இரண்டு பின்கோட்டுக்கும் சரியும்படி முதுகு வைத்துப் போடக் கூடாது. வீட்டு மொட்டைமாடிப் பழக்கத்தில் சிலர் அப்படிச் செய்துவிடுவார்கள். தாழ்ந்த பக்கத்தில், விளையாடும் இடத்துக்கு வெளியே, ஓடை. அந்த ஓடைத் தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகாமல் உங்கள் தென்னை மூட்டுக்குப் போகட்டும். டியூப் லெவல் வைத்து நாலு மூலையிலும் கொத்தனார் குறித்துத் தரும்போது நீங்கள் கூட நில்லுங்கள்.

கான்கிரீட்டில் வெட்டு இணைப்பு (வெடிப்பு அதில் மட்டும் வரும்படி அறுத்துவிடும் கோடு) விடவேண்டும், இல்லாவிட்டால் அது தனக்கு இஷ்டமான இடத்தில் வெடித்துக்கொள்ளும். ஒரு இணைப்பு நெட்டுக்கு நேர் கீழே வரும்படி திட்டமிடுங்கள். அங்கே பந்து எழும்புவது குறைவு. கிச்சன் கோட்டின் மேல் இணைப்பு வந்துவிடக் கூடாது. மேற்பரப்பைக் கண்ணாடி மாதிரி தேய்க்கவும் வேண்டாம். ஈரமாக இருக்கும்போது துடைப்பத்தால் ஒரே திசையில் மெல்ல இழுத்த சொரசொரப்பு போதும்.

தூணுக்கான குழாயையும் கான்கிரீட் போடும்போதே புதைத்துவிடுங்கள். தூண்கள் பக்கக் கோட்டுக்கு வெளியே ஆளுக்கு ஒரு அடி தள்ளி நிற்கும். உள் விளிம்புக்கு உள் விளிம்பு 22 அடி. அடித்தளம் இரண்டரை அடி ஆழத்துக்குக் குறைய வேண்டாம், நெட்டின் இழுப்பு நாளாக நாளாகத் தூணை உள்ளே சாய்க்கும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் மாதிரி கடலோர ஊர்க்காரர்கள் சாதா இரும்பில் பெயிண்ட் அடித்துத் திருப்திப்பட வேண்டாம். உப்புக்காற்று அதைச் சீக்கிரமே தின்றுவிடும். கால்வனைஸ் செய்த குழாய், எஸ்எஸ் போல்ட்.

தரை போட்ட பிறகு 28 நாள் பொறுங்கள். அதற்குள் அக்ரிலிக் பூச்சு பூசினால் ஈரம் கீழிருந்து தள்ளி உரித்துவிடும். நாள் கணக்கு முடிந்ததும் தண்ணீர் ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்து, தேங்கிய இடத்தில் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள். காசு மூழ்கினால் அந்தக் குழியை நிரப்பிவிட்டுப் பூச்சுக்குப் போங்கள்.

கோடும் நெட்டும்

சாக்பீஸால் ஏற்கனவே வரைந்து பழகியிருப்பதால் இது அரைநாள் வேலை. நூலடித்து, இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, டேப்பின் உள் விளிம்பில் தரையின் நிறத்தையே முதலில் ஒரு கை பூசுங்கள். டேப்புக்கு அடியில் இருக்கிற சந்துகளை அது அடைத்துவிடும். அதன்மேல் வெள்ளை அடித்தால் கசியாது, கோடு கத்தியால் வெட்டியதுபோல் வரும். வீட்டு எனாமல் பெயிண்ட் வேண்டாம், நனைந்தால் வழுக்கும். அக்ரிலிக் கோட்டுப் பெயிண்ட் கேளுங்கள். கிச்சனுக்கு வேறு நிறம் கொடுத்தால் புதிதாக வருகிறவர்களுக்கு விதி சீக்கிரம் பிடிபடும். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் “பச்சையில் நின்று வாலி அடிக்காதே” என்ற ஒரு வரி போதுமானதாக இருந்தது.

நெட் உயரம் பக்கக் கோட்டுக்கு நேரே 36 இஞ்ச், நடுவில் 34. தொய்வு தானாக வருவதுபோல் இருந்தாலும் நாளுக்கு நாள் மாறும், ஈரக்காற்றில் இன்னும் மாறும். ஒரு மூங்கில் சட்டத்தை 36 இஞ்சுக்கு வெட்டி, 34இல் ஒரு சிவப்புக் கோடு போட்டு, தூணிலேயே கட்டித் தொங்கவிடுங்கள். முதலில் வருகிறவர் அதை நெட்டின் நடுவிலும் இரு பக்கக் கோட்டிலும் நிறுத்திப் பார்த்து, பட்டையை இறுக்கிவிட்டுப் பேடிலை எடுக்கட்டும்.